பிரண்டைக்குச் சாட்சி

நவம்பர் 6, வியாழன்

தலைமை ஆசிரியை ஜெயசீலி டீச்சர் இந்த நோட்டைக் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதி வையுங்கள் என்றார். இருபதாம் தேதி ஒன்றிய ஆபீஸிலிருந்து விசாரணைக்கு ஆள் வருகிறார். அதுவரை சமையலறைப் பக்கம் வரக்கூடாதாம். சாவியையும் வாங்கிக்கொண்டார். வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

எழுதுகிறேன். என் பெயர் சுயம்புக்கனி. வயது ஐம்பத்தொன்பது. இந்தப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் முப்பத்தொரு வருஷமாகச் சமைக்கிறேன். ஐந்தாவது வரை படித்தேன். மிச்சத்தை மளிகை கட்டி வந்த பேப்பரில் படித்துக்கொண்டேன்.

நேற்று, புதன்கிழமை. மழையில் ஓடைப் பாலம் மூழ்கிவிட்டது. காய் வண்டி வரவில்லை. அரிசி இருக்கிறது, பருப்பு இருக்கிறது, காய் ஒன்றும் இல்லை. வெறும் பருப்புச் சோற்றைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவள் நான் இல்லை. பள்ளிக்கூடத்து வேலியில் பிரண்டை மழைக்குத் தளதளவென்று ஏறிக் கிடந்தது. கொழுந்தாகப் பறித்தேன், நார் உரித்தேன், வதக்கினேன், புளியும் மிளகாய் வற்றலும் தேங்காயும் வைத்துத் துவையலாக அரைத்துச் சோற்றில் பிசைந்து போட்டேன். மழையில் வந்திருந்த நாற்பத்தொரு பிள்ளைகள் சாப்பிட்டார்கள். பந்தி முடிவதற்குள் ஒன்று தொண்டையைப் பிடித்துக்கொண்டு அழ, அதைப் பார்த்து மற்றதெல்லாம் அழ ஆரம்பித்துவிட்டது. நாலு பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. சாயங்காலம் எல்லாரும் நல்லபடியாக வீடு திரும்பி, ஆஸ்பத்திரியில் கொடுத்த பிஸ்கட்டுக்குச் சண்டை போட்டார்களாம்.

இதற்குத்தான் ஊர் முழுக்க "புள்ளைகளுக்கு வெசம் வச்சவா" என்று என்னைச் சொல்கிறது.

துவையலை அரைத்ததும் நான் ருசி பார்த்தேன். சரியாக இருந்தது. யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

குழாயடியில் என் குடத்துக்கு முன்னால் நாலு குடம் இருந்தது. நான் போனதும் நாலும் நகர்ந்து எனக்கு வழி விட்டன. மரியாதை என்று நினைத்தால் அது நம் தவறு.

மாரிசெல்வி பேசினாள். அவளுடைய இரண்டாவது பிள்ளைதான் முதலில் அழுதது.

"ஆட்டுக்குக்கூட யோசிச்சிப் போடுதோம். நீங்க எம்புள்ளைக்கி வேலியில கெடந்தத அறுத்துப் போட்டிருக்கீயளே."

"ஒம் மாமனாரு கை ஒடிஞ்சி கெடந்தப்ப மூணு மாசம் எங்கிட்ட வந்து இதே வேலியில கெடந்தத வாங்கிட்டுப் போனியே. அப்ப எங்கட்டி போச்சு இந்த யோசன?"

"அது கெழவன். இது புள்ள."

"கெழவன்னா வெசம் வைக்கலாமா?"

சிரித்துவிட்டார்கள் இரண்டு பேர். மாரிசெல்வி சிரிக்கவில்லை. குடத்தை இடுப்பில் வைத்தபோது தண்ணீரை என் காலில் சிந்திவிட்டுப் போனாள். தெரிந்துதான் சிந்தினாள்.

என் கணக்குப்படி என்ன நடந்தது என்று இப்போது தெரிகிறது. உதவிக்கு இருக்கிற ஞானசுந்தரி முற்றிய தண்டைச் சேர்த்து அறுத்திருக்கிறாள். பிரண்டையில் நுனியிலிருந்து இரண்டு கணு, மிஞ்சிப் போனால் மூன்று. அதற்குக் கீழே போனால் அரிக்கும். பத்து வருஷமாகச் சொல்கிறேன், காதில் ஏறாது.

இன்று வீட்டில் ரசம் வைத்தேன். இப்போது வருகிற உப்பில் உப்பே இல்லை. மூன்று கை போட வேண்டியிருக்கிறது. உப்பளம் இருக்கிற மாவட்டத்திலேயே இந்தக் கதி.

நவம்பர் 8, சனி

விசாரணை ஆபீஸருக்குப் பிரண்டை என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். அவருக்காக எழுதி வைக்கிறேன்.

நாலு பட்டை உள்ள கொடி. கணுக்கணுவாக, சங்கிலியைப் போல இருக்கும். ஒரு கணுவை ஒடித்து எறிந்தால் எறிந்த இடத்தில் பிழைத்துக்கொள்ளும். தண்ணீர் கேட்காது. எங்கள் தேரிச் செம்மணலில் பனையைத் தவிர இப்படிப் பிடிவாதம் உள்ளது இது ஒன்றுதான்.

பச்சையாகத் தொட்டால் கை அரிக்கும். அதனால் கையில் எண்ணெய் தடவிக்கொண்டுதான் உரிப்பார்கள். நாலு ஓரத்து நாரையும் எடுக்க வேண்டும், கணு முடிச்சை வெட்டிப் போட்டுவிட வேண்டும். பிறகு எண்ணெயில் வதக்க வேண்டும். வதக்கல் என்றால் வெண்டைக்காய் வதக்கல் இல்லை. பச்சை முழுக்கப் போய், சுருங்கி, பழுப்பாகி, கரண்டியில் எடுத்தால் கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். அதோடு புளி சேர்ந்தால்தான் அரிப்பு அடங்கும். துவையல், வத்தக்குழம்பு, மோரில் ஊறப்போட்ட வற்றல் எல்லாம் இதே விதிதான். அப்பளம் போடுகிறவர்கள் மாவில் இதன் சாற்றை ஊற்றிப் பிசைகிறார்கள். பொரிக்கும்போது பந்து மாதிரி உப்புகிறதே, அது இந்தச் சாற்றின் வேலை என்பார்கள்.

பசி எடுக்காதவர்களுக்குப் பசி எடுக்கும். வயிற்றில் வாயு நிற்காது. மூட்டு வலிக்குத் தின்கிறார்கள். எலும்பு ஒடிந்தால் அரைத்து மேலே பற்றும் போடுகிறார்கள். மாரிசெல்வியின் மாமனாருக்குக் கட்டுப் போட்டது ஆஸ்பத்திரி, தின்னக் கொடுத்தது நான். எலும்பைச் சேர்த்தது எது என்று நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் கிழவர் இப்போது அந்தக் கையால்தான் சீட்டு விளையாடுகிறார்.

இதையெல்லாம் எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு மூலிகைப் புத்தகம் வாங்கினேன். பாதி தப்பு. தப்பையெல்லாம் நானே சமைத்துப் பார்த்துப் பென்சிலால் அடித்து வைத்திருக்கிறேன்.

நவம்பர் 10, திங்கள்

ஞானம் வந்திருந்தாள். அறுபத்திநாலு பிள்ளைகளுக்கும் இப்போது தனியாகச் சமைக்கிறாள். கையெல்லாம் கொப்புளம்.

"யக்கா, நா டீச்சர்ட்ட சொல்லிட்டேன்."

"என்னத்த சொன்ன?"

"தண்ட நாந்தான் அறுத்தேன்னு. முத்துனதயும் சேத்து அறுத்துப்புட்டேன்னு. எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டேன்."

"ஏட்டி, கிறுக்கா ஒனக்கு?"

"ஒங்களுக்கு ரிட்டையராக ஆறு மாசந்தான் இருக்கு. கெட்ட பேரு இல்லாமப் போங்க. என்னய என்ன செய்வாவ, நாலு ஏச்சு ஏசுவாவ. நா வாங்குன ஏச்சுக்கு இது ஒரு ஏச்சா?"

நான் திட்டி அனுப்பினேன். என்ன திட்டினேன் என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

ஒன்றைத் திருத்த வேண்டும். வெள்ளிக்கிழமை எழுதியது சரியில்லை. புதன்கிழமை ஞானம் வந்தபோது மணி பதினொன்று. ஓடையில் தண்ணீர் வடிந்த பிறகுதான் அவளால் வர முடிந்தது. அதற்குள் அறுத்து, உரித்து, வதக்கி முடித்துவிட்டேன். தண்டை அறுத்தது நான். நுனியிலிருந்து இரண்டு கணுதான் அறுத்தேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் அவள் எழுதிக் கொடுத்ததைப் போய்த் திரும்ப வாங்கு என்று நான் சொல்லவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை. ஓட்டுக்குக் கீழே இரண்டு இடத்தில் வாளி வைத்தேன்.

நவம்பர் 13, வியாழன்

இன்று சமைத்துப் பார்த்தேன். என் வீட்டு வேலியிலும் அதே கொடிதான். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கணு கொண்டுவந்து எறிந்ததுதான். நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி, கலகலவென்று வரும்வரை வதக்கி, அரைத்து, ஒரு கிண்ணம் ஞானத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அரிக்கா?"

"இல்லக்கா. நல்லாத்தான் இருக்கு."

"அப்ப பெறகு என்னட்டி?"

"அரிக்கல. ஆனா உப்புதான் கடத்தண்ணியா இருக்கு. எதுக்குக்கா இம்புட்டு உப்பு?"

நான் போட்டது மூன்று ஸ்பூன். சரி, நாலு. வீட்டுக்கு வந்து தின்று பார்த்தேன். உப்பு போதவே இல்லை. அவளுக்கு இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் குறை.

ஆனால் ஒன்று நிரூபணம் ஆகிவிட்டது. கொடியில் ஒரு குற்றமும் இல்லை. இது கூடத்து எண்ணெயின் வேலை. அன்று டின்னில் அடியில்தான் எண்ணெய் இருந்தது. அந்த எண்ணெயில் அவ்வளவு பிரண்டையும் ஒரே சட்டியில் வதங்க வேண்டியிருந்தது. இதை ஆபீஸரிடம் சொல்வேன்.

நவம்பர் 15, சனி

இன்று நாள் நன்றாகப் போனது. எழுதிவிட வேண்டும்.

குழாயடியில் மாரிசெல்வி மறுபடி ஆரம்பித்தாள். பஞ்சாயத்தில் பேசிவிட்டார்களாம். விசாரணை முடிந்ததும் பள்ளிக்கூடத்து வேலிப் பிரண்டையை வேரோடு எடுக்கப் போகிறார்களாம். பிறகு தெருவில் யார் வீட்டு வேலியில் இருந்தாலும் எடுக்க வேண்டுமாம்.

"வெசத்த வேலியில வச்சிக்கிட்டு நாங்க எப்பிடித் தூங்குவோம்?"

எனக்கு வந்ததே கோபம். அங்கேயே குழாய்க்குப் பின்னால் தரையில் ஓடிக்கொண்டிருந்த கொடியில் ஒரு கணுவை ஒடித்தேன். நார் உரிக்கவில்லை. எண்ணெய் தடவவில்லை. அப்படியே வாயில் போட்டு, எல்லாருக்கும் தெரிய மென்றேன்.

"ஐயையோ, துப்புங்கக்கா!" என்று ஒருத்தி கத்தினாள்.

"ஏன் துப்பணும்? வெசம்னியே, பாரு. செத்தா தூக்க வா."

முழுங்கினேன். வழக்கமாகப் போடுகிற வெற்றிலையின் காரம்கூட இல்லை. ஒன்றுமே இல்லை. மாரிசெல்வியின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. பச்சையாக, முழுக் கணு, ஒரு அரிப்பு இல்லை. இனி எந்த ஆபீஸர் வந்தால் என்ன? குடத்தைத் தூக்கிக்கொண்டு ராணி மாதிரி வந்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

நேற்றுச் சாயங்காலம் ஞானம் வந்தாள். குழாயடிக் கதையைக் கேள்விப்பட்டு வந்திருக்கிறாள். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேச்சு ஏங்கா கொழகொழங்கு? நாக்க நீட்டுங்க."

"நா என்ன காளியா நாக்க நீட்ட?"

"நீட்டுங்கக்கா."

நீட்டினேன். அவள் பார்த்தாள். எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்து என் முன்னால் பிடித்தாள்.

நாக்கு வீங்கிக் கன்றிச் சிவந்திருந்தது. கன்னத்தின் உட்பக்கமும் அப்படித்தான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. வேறு யாருடைய வாயையோ பார்ப்பது போல இருந்தது. நாக்கின் இடது ஓரத்தில் சுண்ணாம்பு தடவியது மாதிரி ஒரு வெள்ளைத் தடம். அதைத் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை.

"இது எத்தன நாளா இருக்கு?" என்றாள் ஞானம்.

எனக்கு எப்படித் தெரியும்? சொந்த நாக்கை யார் எடுத்துப் பார்க்கிறார்கள்?

நவம்பர் 17, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னார் டீச்சர். இன்று எழுதுகிறேன்.

அந்தப் புதன்கிழமை, பதினொரு மணி. ஞானம் நனைந்துபோய் வந்தாள். நான் துவையலை அம்மியிலிருந்து வழித்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு பொட்டு எடுத்து நாக்கில் வைத்தாள். உடனே முகத்தைச் சுளித்தாள்.

"யக்கா, நாக்கு அரிக்கி. இன்னும் வதக்கியிருக்கணுமோ?"

நானும் ஒரு பொட்டு எடுத்து வைத்தேன். அரிக்கவில்லை.

"எனக்கு அரிக்கல."

"எனக்கு அரிக்கிக்கா. தொண்டக்குள்ள போவுது."

"முப்பத்தொரு வருசமா இந்த நாக்குதான்டி இந்தக் கூடத்துக்குத் தராசு. ஒன் நாக்கு நேத்து வந்தது. போயி எலயப் போடு."

போய் இலையைப் போட்டாள். மடக் மடக்கென்று தண்ணீர் குடித்துவிட்டுப் போய்ப் போட்டாள்.

இதுதான் நடந்தது. யாரும் குறை சொல்லவில்லை என்று முதல் நாள் எழுதியது பொய். எண்ணெய் குறைவு என்பது உண்மை. எண்ணெய் குறைவு என்று தெரிந்தும் அவ்வளவையும் ஒரே சட்டியில் போட்டது நான். பாதி வெந்ததா முழுக்க வெந்ததா என்று பார்க்கத்தான் நாக்கு. அந்த நாக்கு செத்துக் கிடந்திருக்கிறது. பதினாலு வயதில் ஆரம்பித்த வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. உப்பளத்துக்காரனை அநியாயமாகத் திட்டியிருக்கிறேன்.

ஞானம் இதைப் பன்னிரண்டு நாளாக யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூட ஞாபகப்படுத்தவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு தடவை கத்தியிருந்தாலாவது நான் திரும்பக் கத்தியிருப்பேன்.

நவம்பர் 18, செவ்வாய்

வெற்றிலைச் செல்லத்தைப் பரணில் தூக்கி வைத்தேன். சாயங்காலம் முக்காலி போட்டு ஏறி எடுத்தேன். மறுபடி வைத்தேன்.

வெற்றிலையும் கொடிதான். அதன் மேலும் பழி போட மாட்டேன். இது புகையிலையின் வேலை, சுண்ணாம்பின் வேலை. அதை வாயில் போட்டது என் கை.

நவம்பர் 20, வியாழன்

விசாரணை முடிந்தது.

ஆபீஸர் நல்ல மனிதர். அதை முதலில் எழுதிவிடுகிறேன். கத்தவில்லை. தலைமை ஆசிரியை அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எல்லாரிடமும் அம்மா என்றுதான் பேசினார். நான், ஞானம், ஜெயசீலி டீச்சர், தாய்மார்கள் சார்பில் மாரிசெல்வி. ஞானம் எழுதிக் கொடுத்ததைப் படித்தார். டாக்டர் கொடுத்த காகிதத்தைப் படித்தார். பிறகு டைப் அடித்துக் கொண்டுவந்திருந்த ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"இதுல கையெழுத்துப் போடுங்கம்மா. யாருக்கும் ஒண்ணும் வராது."

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. படிக்காமல் போடுவேன் என்று நினைத்திருப்பார். பள்ளி வேலியில் வளர்ந்திருந்த பிரண்டை என்னும் நச்சுக்கொடியின் தன்மை அறியாமல் உணவில் சேர்க்கப்பட்டதால் ஒவ்வாமை ஏற்பட்டது என்றும், பணியாளர் எவர்மீதும் குற்றமில்லை என்றும், மேற்படி கொடியை உடனடியாக அகற்ற வேண்டும் என்றும் இருந்தது.

"நச்சுக்கொடின்னு யாரு சொன்னா?"

"ஒரு வார்த்தைதானம்மா."

"தன்ம அறியாமன்னு எழுதியிருக்கு. எனக்கா தெரியாது?"

"சுயம்புக்கா, போட்டுருங்க," என்றார் டீச்சர் மெதுவாக. "ஆறு மாசம் நிம்மதியா சமைச்சிட்டுப் போங்க."

சாவி அவருடைய மேஜை மேல்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டால் அந்தச் சாவி என் இடுப்புக்கு வந்துவிடும். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. முப்பத்தொரு வருஷம் அது இருந்த இடம் இன்னும் தழும்பாக இருக்கிறது.

"நா ஒரு கேள்வி கேக்கேன் சார். வீட்டுல சேனைக்கெழங்கு வாங்குவீயளா?"

"வாங்குவோம்."

"வேகாமத் தின்னா என்ன ஆவும்?"

"நாக்கு அரிக்கும்."

"அப்ப சேனைக்கெழங்கு வெசமா? இல்ல வேக வைக்காதவ மேல தப்பா?"

அவர் சிரித்துவிட்டார். "ஏம்மா, ஒங்களக் காப்பாத்தத்தான் செடி மேல போடுதேன். செடிக்கு என்ன வந்துச்சு? செடி கோர்ட்டுக்கா போகப் போகுது?"

"அது போவாது. அதனாலதான் நா பேசுதேன். நீங்க சீல் வச்சி இத நச்சுன்னு எழுதிட்டா, நாளைக்கி இந்த ஊர்ல ஒரு வேலியில மிஞ்சாது. மூட்டு வலிக்கு இதத் திங்குத கெழடு கட்டையெல்லாம் என்ன செய்யும்? கடைசியில எவனாவது டப்பாவுல அடச்சிக் கொண்டாந்து விப்பான், அத வாங்கித் திம்போம்."

அப்போது ஞானம் குறுக்கே வந்தாள். "சார், தண்டு அறுத்தது நாந்தான், முத்துனத..."

"நீ வாய மூடுட்டி," என்றேன். "பதினோரு மணிக்கி வந்தவா எப்பிடி எட்டு மணிக்கித் தண்டு அறுத்த?"

இந்த நோட்டை எடுத்துப் பதினேழாம் தேதிப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் படித்தார். டீச்சர் எட்டிப் படித்தார். மாரிசெல்விக்குப் படிக்க வராது. அதனால் நான் வாய்விட்டுச் சொன்னேன். ஞானம் அரிக்கிறது என்று சொன்னதையும், நான் அவளை அடக்கியதையும், என் நாக்குக்கு இப்போது உப்பும் தெரியாது உறைப்பும் தெரியாது என்பதையும் சொன்னேன். பதினைந்தாம் தேதி குழாயடியில் மென்றது வீரம் இல்லை, மரத்துப்போன வாய் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

"ஒம் புள்ள அழுதது நெசம், மாரிசெல்வி. அத அழ வச்சது நான். கொடி இல்ல."

மாரிசெல்வி என்னைத் திட்ட வாயெடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, "அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?" என்று மட்டும் கேட்டாள்.

"அன்னைக்கி எனக்கே தெரியாது. தெரிஞ்ச பெறகும் நாலஞ்சு நாளு வச்சிக்கிட்டுதான் இருந்தேன்."

ஆபீஸர் பேனாவை மூடினார். "இத நான் எழுதுனா, ருசி தெரியாதவங்கள அடுப்புல விட முடியாதும்மா. யோசிச்சிதான் சொல்லுதீங்களா?"

"எழுதுங்க. எம்பேர முழுசா எழுதுங்க. நச்சுங்கித வார்த்தைய அடிச்சிருங்க. அடிச்ச பெறகு நா கையெழுத்துப் போடுதேன்."

அவர் அடித்தார். பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்து வைத்தார். கீழே தன் கையால் புதிதாக எழுதினார். அதை இரண்டு தடவை படித்துவிட்டு நான் போட்டேன்.

வெளியே வந்ததும் ஞானம் அழுதாள். எதற்கு அழுகிறாய் என்று கேட்டேன். "ஏச்சு வாங்கக்கூட விட மாட்டேங்கீயளே," என்றாள்.

நவம்பர் 24, திங்கள்

மதியப் பந்தி முடிந்ததும் ஞானம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பெரிய ஆஸ்பத்திரி. வாயை இன்னும் திற, இன்னும் திற என்றார் அந்தப் பெண் டாக்டர். இதற்கு மேல் திறக்காது என்றேன். எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார். முறுக்கு தின்கிறதை விட்டது எந்தத் தீபாவளி என்று யோசித்துச் சொன்னேன்.

வெள்ளையாக இருந்த இடத்தில் ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

வரும் வழியில் பஸ்ஸில் ஞானத்துக்கு நாளைய சாம்பாருக்குப் பருப்பு அளவு சொன்னேன். எனக்குத் தெரியும் என்றாள்.

நவம்பர் 26, புதன்

ஆர்டர் வந்துவிட்டது. திருமதி சுயம்புக்கனி, சமையலர், உணவின் தரத்தைச் சரிபார்க்கத் தவறியதால் சமையல் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். ஓய்வு பெறும்வரை வளாகத் தூய்மைப் பணி. சமையல் பொறுப்பு ஞானசுந்தரிக்கு.

நச்சு என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. முன்னும் பின்னும் பார்த்தேன். ஒரு நகல் எடுத்து மடித்து வைத்துக்கொண்டேன்.

ஞானம் சாவியை இடுப்பில் செருகத் தெரியாமல் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறாள்.

நவம்பர் 28, வெள்ளி

காலை எட்டரை மணிக்கு விளக்குமாறோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வளாகத் தூய்மை என்றால் வேலி ஓரமும் வளாகம்தானே. அங்கே பஞ்சாயத்து வேலையாள் பரமானந்தம் வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"என்னடே பண்ணுத?"

"கொடிய எடுக்கச் சொல்லியிருக்காவ, சின்னம்மா."

"யாரு?"

"கிளார்க்கு. வெசக்கொடியாம்லா."

நான் போய் வேலிக்கும் அவனுக்கும் நடுவில் நின்றேன். முதுகில் பிரண்டையின் நாலு பட்டையும் உறுத்தியது. முதுகுக்கு இன்னும் உணர்ச்சி இருக்கிறது.

"சின்னம்மா, தள்ளுங்க. எனக்கு ஒம்பது மணிக்கி வேற சோலி இருக்கு."

"ஆர்டர் இருக்கா?"

"அது கிளார்க்கு வாயால..."

"எங்கிட்ட பேப்பர்லயே இருக்கு."

மடியிலிருந்து நகலை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். "எட்டாவது படிச்சவன்தான நீ? சத்தமாப் படி."

அவன் கத்தியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தான். சத்தம் கேட்டு ஜெயசீலி டீச்சர் வாசலுக்கு வந்து நின்றார். இரண்டு மூன்று தாய்மார்களும் நின்றார்கள். அவர்களில் மாரிசெல்வியும் இருந்தாள். என் பெயர் வந்த இடத்தில் அவன் தயங்கினான். படி என்றேன். உணவின் தரத்தைச் சரிபார்க்கத் தவறியதால் என்று படித்தான். விடுவிக்கப்படுகிறார் என்று படித்தான். முடித்துவிட்டு மறுபக்கம் திருப்பிப் பார்த்தான்.

"குத்தவாளி பேரு என்ன போட்டிருக்கு?"

"ஒங்க பேருதான் சின்னம்மா."

"பிரண்டன்னு எங்கயாவது இருக்கா?"

"இல்ல."

"அப்ப தண்டன யாருக்கு?"

அவன் டீச்சரைப் பார்த்தான். டீச்சர் என்னைப் பார்த்தார். அன்று சாவி வாங்கிய பிறகு இப்போதுதான் நேராகப் பார்க்கிறார். "ஆர்டர்ல இல்லாதத நாம செய்யக்கூடாது பரமானந்தம்," என்றார். "கிளார்க்குக்கு நா போன் பண்ணிக்கிடுதேன்."

மாரிசெல்வி தன் பிள்ளையின் பையைத் தோளில் மாட்டிவிட்டுக்கொண்டே, "இனி ஞானக்கா ருசி பாத்த பெறகு போடட்டும்," என்று பொதுவாக யாரிடமோ சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. எனக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"அப்ப நா எதத்தான் வெட்ட?" என்றான் பரமானந்தம். கத்தியைத் தீட்டியது வீணாகப் போன வருத்தம் அவனுக்கு.

வேலியின் மறு மூலையைக் காட்டினேன்.

"அங்கன நிக்கி பாரு, சீமைக்கருவ. அதப் போயி வெட்டு. அதுக்கு சாட்சி சொல்ல ஒருத்தரும் வர மாட்டாவ."

அவன் போனான். நான் குனிந்து பெருக்க ஆரம்பித்தேன்.